முப்புரிக் கயிற்றை அவிழ்த்தவர்

மாணவ நண்பர்களே, குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். விறைப்பான கயிறு போல் ஒன்று கையில் தட்டுப்படும். அது ஒரு தசைநாண். கபடி ஆட்டத்தில் நீங்கள் தாவும்போது உங்கள் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசையைத் தாங்குவது அதுதான். அது கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. தோலிலும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இதே புரதம் உண்டு. நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே.

இந்தக் கயிறு எவ்வாறு முறுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அயல்நாடுகளில் பெரிய ஆய்வுக்கூடங்கள் விடை தேடிக்கொண்டிருந்தன. விடை வந்ததோ, திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்தில் இறங்கக் கூடிய சென்னைக் கிண்டியிலிருந்து. அதைக் கண்டவர் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரன்.

அவருடைய முன்னோர் ஊர் திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரம். பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. தந்தையார் நாராயண ஐயர் அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணிதச் சுவை வீட்டிலேயே கிடைத்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்து, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி. இராமன் பையனின் திறமையைக் கண்டு, தம் இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார். மின் பொறியியலுக்கு அது இழப்புத்தான்!

ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, 1945இல், இராஜலட்சுமியை மணந்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவராக வருமாறு இராமனை அழைக்க, அவரோ தம் மாணவரின் பெயரைச் சொன்னார். 1952இல் துறைத்தலைவராகப் பொறுப்பேற்றபோது இராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே உள்ளது என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். கொலாஜனைத் தேடி இராமச்சந்திரன் அலைய வேண்டியிருக்கவில்லை. அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடுவது என்பதே கொலாஜனைக் கெடாமல் காக்கும் வேலை அல்லவா? கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் கதிர்கள் சிதறிப் படத்தில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் அடுக்கைக் கணக்கிட வேண்டும்.

படத்துடன் இன்னொரு துப்பும் இருந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. மூன்று இழைகள் ஒன்றையொன்று நெருங்கி முறுக்கிக்கொண்டால், நடுவில் இருக்கும் சந்தில் சிறியது மட்டும்தானே நுழைய முடியும்? இவ்வாறு சிந்தித்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் 'நேச்சர்' இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டே அதைத் திருத்தினார்: இழை ஒவ்வொன்றும் தனித்தனியே இடப்புறமாகச் சுருண்டிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கியிருக்கின்றன. மரக்காணத்தில் படகு கட்டும் கயிறு ஒன்றை எடுத்துப் புரி புரியாகப் பிரித்துப் பாருங்கள். நூலின் முறுக்கு ஒரு திசையிலும் புரிகளின் முறுக்கு எதிர்த்திசையிலும் இருக்கும். கயிறு தானாக அவிழாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

கதை இத்துடன் இனிதாக முடியவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவருடன் சேர்ந்து 1955இல் ஒரு மறுப்பு எழுதினார். மூன்று இழைகள் என்பது சரி. ஆனால் சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று இராமச்சந்திரன் கூறியிருந்தார். அவர்கள் ஒன்றே என்றனர். (பிற்காலத்தில் ஒன்று என்பதே நிலைத்தது.) உலகப் புகழ் பெற்றவர்களின் மறுப்பு என்றால் துவண்டு போவோர் உண்டு, கோபித்துக்கொள்வோரும் உண்டு. இராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார்: அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? உங்கள் முழங்கை மடங்கக் கூடியதுதான். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் விலா இடித்தால் மடங்காது. புரத இழையின் நிலையும் அதுவே. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இழை இரண்டு இடங்களில் திரும்பலாம். அந்தத் திருப்பங்களின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். பக்கத்து அணுக்கள் மோதும் கோணங்களுக்கு அனுமதி இல்லை.

இராமச்சந்திரனும் சசிசேகரனும் இராமகிருஷ்ணனும், அதுவரை அறியப்பட்ட படிகங்களில் அணுக்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று திரட்டினர். பிறகு ஒவ்வொரு கோணத்துக்கும் மோதல் உண்டா, இல்லையா என்று மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு கணக்கிட்டனர். எவ்வளவு பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்! கிடைத்த முடிவுகளை ஒரு சதுர வரைபடத்தில் குறித்தபோது, பெரும்பாலான அமினோ அமிலங்களுக்குச் சதுரத்தின் கால் பங்கு இடம்கூட அனுமதிக்கப்படவில்லை. 1963இல் வெளியான இது 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது. இன்றும் உலகில் எங்கே ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று முதலில் இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். மூவிழையைவிட இதையே பெரிய பணி என்பேன். அந்த மறுப்பு எழுந்திராவிட்டால் இது பிறந்திருக்குமா என்பது ஐயமே.

1971இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதன் உருவத்தை விரைவாகக் கணக்கிடும் முறை ஒன்றையும் தந்தார். சி.டி. ஸ்கேன் பொறிகள் நெடுங்காலம் பயன்படுத்தியது இவ்வழிக் கணக்கைத்தான். அவ்வாண்டு அளவில் பெங்களூருக்குத் திரும்பி மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவினார்.

இவ்வளவு வேலைக்கும் நடுவே வீடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இராஜலட்சுமி அம்மையாருக்கும் அவருக்கும் இரண்டு மகன்கள், ஒரு மகள். மூவரும் அறிவியலுக்கே வந்தனர். மூத்தவர் ரமேஷ் நாராயண், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கருந்துளைகளை ஆராய்பவர். 2019இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட பன்னாட்டுக் குழுவில் ஒருவர். தந்தை, உடலுக்குள் இருப்பதை நிழல்களிலிருந்து வரைந்தார். மகன் இருந்த குழுவோ, 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளதை ரேடியோ அலைகளிலிருந்து வரைந்தது. தாத்தாவின் கணிதம் மூன்றாம் தலைமுறையிலும் வற்றவில்லை.

இராமச்சந்திரனின் முதுமையைப் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் வாட்டின. 53 ஆண்டுகள் உடனிருந்த இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். கணவரைத் தளர்த்தியதில் நோய்களைவிட இந்தப் பிரிவே பெரிது. மறு ஆண்டு படிகவியலின் உயர்ந்த விருதான எவால்டு பரிசு அவரைத் தேடி வந்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் அவர் காலமானார்.