லொறி 1999 இல் ஓடியதா? – வாகனத் தரவுப் பதிவியும் அதன் மென்பொருள் புதுப்பித்தலும்

2019 ஏப்ரல் 25, வியாழக்கிழமை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து நான்காம் நாள். அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வீதிகளில் மறுபடியும் சோதனைச் சாவடிகள் முளைத்திருந்தன. அன்று காலை ஊரடங்கு தளர்ந்ததும் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு ராகலையிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட்ட என் மைத்துனரின் லொறியை வவுனியாவுக்கு அப்பால் மறித்தார்கள்.

சரக்குப் பட்டியல், சாரதியின் அடையாள அட்டை, காப்புறுதி எல்லாம் சரியாக இருந்தன. சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. எரிபொருள் கணக்குக்காக நாங்கள் பூட்டியிருந்த தரவுப் பதிவியின் சிறிய திரை அன்றைய திகதியைத் தவறாகக் காட்டியது. சாரதி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணே, பெட்டியில 1999 செப்டம்பர் 9னு காட்டுது. இது என்னானு கேக்குறாங்க. நான் என்னா சொல்ல?”

ராகலையில் வாகன மின்வேலை செய்பவன் நான். அந்தப் பெட்டியைப் பூட்டியதும் நானே. ஆனாலும் அந்த நிமிடத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. யாழ்ப்பாண வியாபாரியோடு பேசி, கையால் எழுதிய பட்டியலைச் சரிபார்த்து, இரண்டு மணித்தியாலத்தின் பின் லொறியை விட்டார்கள். அன்றைய சந்தை தவறிப்போனது.

1999 செப்டம்பரில் ஏ9 வீதியால் மரக்கறி லொறி யாழ்ப்பாணம் போயிருக்கவே முடியாது என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகே அந்தப் பாதை திறந்தது. அப்படியானால் பெட்டி ஏன் அப்படிச் சொன்னது? அதைத் தேடப் போய்க் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பஸ், வான், லொறி வைத்திருப்பவர்களுக்கும் லீசிங்கில் வாகனம் எடுத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

தரவுப் பதிவி என்பது வாகனத்தின் நாட்குறிப்பு. வேகம், எஞ்சின் சுழற்சி, எரிபொருள், வாகனம் நிற்கும் இடம் ஆகியவற்றை உணரிகளிடமிருந்தும் ஜிபிஎஸ் செய்மதிகளிடமிருந்தும் வாங்கி, ஒவ்வொன்றையும் நேரத்தோடு சேர்த்து நினைவகத்தில் எழுதி வைக்கும். வாகனங்களைப் பரிசோதிப்பவர்கள் பயன்படுத்தும் பதிவிகளும் இதே வகையானவை. அவை இன்னும் நுணுக்கமாக அளக்கும்.

உணரி கொடுப்பது வெறும் மின் சைகை. அது மணிக்கு 40 கிலோமீற்றரா 60 கிலோமீற்றரா, இன்று என்ன திகதி என்பதையெல்லாம் தீர்மானிப்பது பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள். ஃபேர்ம்வெயார் என்பது அதைத்தான். அதில் பிழை இருந்தால் உணரி சரியாக இருந்தாலும் பதிவு பிழையாகும். அதை மாற்றினால், அன்றிலிருந்து பதிவின் அர்த்தமும் மாறலாம்.

திகதி ஏன் பின்னால் போனது?

ஜிபிஎஸ் செய்மதிகளின் பழைய சைகை ஆண்டு, மாதம், நாள் என்று அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6 முதல் எத்தனையாவது வாரம் என்ற எண்ணையும், அந்த வாரத்தில் எத்தனையாவது விநாடி என்பதையுமே அனுப்புகிறது. வார எண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை பூச்சியமும் ஒன்றுமாக எழுதும் பத்து இடங்கள் மட்டுமே. அதற்குள் 0 முதல் 1023 வரை எழுதலாம். அடுத்த வாரம் எண் மறுபடியும் 0 ஆகிவிடும். பழைய லொறிகளின் கிலோமீற்றர் மானி 99,999 முடிந்து பூச்சியத்துக்கு வருவதைப் போலத்தான்.

முதல் தடவை 1999 ஆகஸ்ட் 22 இல் அப்படித் திரும்பியது. இரண்டாம் தடவை 2019 ஏப்ரல் 7, இலங்கை நேரப்படி அதிகாலை ஐந்தரை மணியளவில். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைப் பெட்டியின் மென்பொருள்தான் அறிந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டியின் மென்பொருள் பழையது. அது ஏப்ரல் 7 ஐ 1999 ஆகஸ்ட் 22 என்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 18 ஆம் நாள் செப்டம்பர் 9. கிழமை சரி, மணி சரி, நிமிடம் சரி. திகதி மட்டும் 7,168 நாட்கள் பின்னால் நின்றது. அதனால்தான் இரண்டு கிழமைக்கு மேலாக யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. நியூயோர்க் நகர நிர்வாகத்தின் கம்பியில்லா வலையமைப்பும் அதே நாளில் செயலிழந்து, சரிசெய்யச் சுமார் பத்து நாட்கள் எடுத்தன. இப்படி நடக்கும் என்று அமெரிக்க அரசு முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. பழைய சைகையை நம்பும் பெட்டிகளுக்கு அடுத்த திருப்பம் 2038 நவம்பரில் வரும். சில தயாரிப்பாளர்கள் சுற்றைக் கணக்கிடும் தொடக்கத் திகதியை வேறாக வைத்திருப்பதால், சில பெட்டிகள் அதற்கு முன்னரே தடுமாறக்கூடும்.

புதுப்பிக்கும்போது செய்ய வேண்டியவை

முதலாவது, உள்ளிருக்கும் பதிவுகளை இறக்கி வேறோர் இடத்தில் சேமிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது சில பெட்டிகளின் நினைவகம் அழிந்துவிடும்.

இரண்டாவது, பெட்டியின் மாதிரி எண், இப்போதுள்ள மென்பொருளின் பதிப்பு எண், அமைப்புகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரே தோற்றமுள்ள இரண்டு பெட்டிகளின் உட்பலகை வேறாக இருக்கலாம். ஒன்றின் மென்பொருளை மற்றதில் ஏற்றினால் பெட்டி வேலை செய்யாது.

மூன்றாவது, கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற வேண்டும். நல்ல நிறுவனங்கள் கோப்புடன் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கொடுக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாது. கடிதத்தின் அரக்கு முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்றது இது. தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை ஏற்றக் கூடாது.

நான்காவது, மின்சாரம். புதிய மென்பொருள் எழுதப்படும்போது மின் நின்றால் பெட்டி பாதி எழுதிய நிலையில் செத்துவிடலாம். பழைய பிரதியையும் வைத்துக்கொள்ளும் பெட்டிகள் தப்பிக்கும், எல்லாப் பெட்டிகளும் அப்படியல்ல. ராகலையில் குளிர்காலக் காலையில் பற்றரி எவ்வளவு இறங்கியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் பற்றரியைச் சார்ஜ் செய்துவிட்டே தொடங்குவேன். இடையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடமாட்டேன்.

ஐந்தாவது, முடிந்ததும் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். நேர வலயம் ஐந்தரை மணியில் இருக்கிறதா, டயர் அளவு சரியா, வேகம் கிலோமீற்றரில் வருகிறதா என்று பார்த்த பின், கிலோமீற்றர் கற்கள் உள்ள பாதையில் ஓடி ஒப்பிட வேண்டும்.

ஆறாவது, ஒரு கொப்பியில் எழுத வேண்டும். என்ன திகதி, பழைய பதிப்பு எது, புதிய பதிப்பு எது, ஏன் மாற்றினோம், யார் மாற்றினார்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பிழையான பழைய பதிவைத் திருத்தக் கூடாது. “1999 என்று இருப்பதையெல்லாம் 2019 ஆக்கிவிடு” என்று மைத்துனர் சொன்னார். நான் மறுத்தேன். மூலக் கோப்பை அப்படியே வைத்து, எந்தத் திகதியிலிருந்து பிழை, எத்தனை நாட்களைக் கூட்ட வேண்டும் என்ற விளக்கத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்தேன். திகதி பிழையான பதிவுக்கு விளக்கம் சொல்லலாம். கை வைத்த பதிவை யாரும் நம்பமாட்டார்கள்.

இடம்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, ஒரு திகதி பொருந்தாததால் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன எங்கள் உறவினர்களும் அப்படி அலைந்தவர்களே.

புதுப்பித்தல் எல்லாம் திருத்தமா?

மென்பொருளைப் புதுப்பித்தால் பிழை தீரும் என்று நம்புகிறோம். எப்போதும் அப்படியல்ல. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் கதை அதைக் காட்டுகிறது.

2013 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, டீசல் கார்களின் புகையை ஆய்வுகூடத்தில் மட்டுமல்லாமல் வீதியிலும் அளந்தது. காரின் பின்பகுதியில் அளவீட்டுக் கருவியையும் பதிவியையும் ஏற்றி, புகைக்குழாயோடு இணைத்து ஓட்டினார்கள். அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். 2014 இல் முடிவு வெளிவந்தது. வொக்ஸ்வாகன் ஜெட்டா கார் வீதியில் வெளியிட்ட நைதரசன் ஒட்சைட்டுகள் சட்ட வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு. பஸாட் கார் 5 முதல் 20 மடங்கு.

நிறுவனம் 2014 டிசம்பரில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் கார்களை அழைத்து, மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகும் என்றது. கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வளச் சபை அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. புதுப்பித்த கார்களை 2015 மே மாதத்தில் மறுபடியும் அளந்தது. புகை இன்னும் வரம்புக்கு மேலேயே இருந்தது. கடைசியில் 2015 செப்டம்பரில் நிறுவனம் ஒத்துக்கொண்டது. கார் பரிசோதனையில் நிற்கிறதா, வீதியில் ஓடுகிறதா என்பதை மென்பொருள் கண்டுகொண்டு, பரிசோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில் அது இருந்தது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது நிறுவனத்தின் கையில் இல்லாத ஒரு பதிவி. புதுப்பித்ததாகச் சொல்பவரே சரியாகிவிட்டது என்றும் சான்று கொடுத்தால் போதாது. வேறொருவர் வேறொரு கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் லொறி ஓட்டும் நம்மவர்களுக்கு டகோகிராஃப் பழக்கமானது. ஓட்டிய நேரம், ஓய்வு, வேகம் எல்லாம் அதில் பதியும். அதை அங்கீகரிக்கப்பட்ட பட்டறையே திறந்து அளவு சரிபார்த்து முத்திரையிட வேண்டும். பெட்டியை யார் தொட்டார் என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் எங்கே இது தொடுகிறது?

இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. டீசல் வாகனத்தை நிறுத்தி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி அளக்கும். பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படும். முடிவைக் கணினி பதிந்துகொள்ளும்.

லீசிங் கட்டும் ஒருவருக்கு அந்தத் தாள்தான் அடுத்த ஆண்டின் சோறு. நுவரெலியா போல 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒட்சிசன் குறைய, டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் கறுப்பாகப் புகை விடும். அதனால் பரிசோதனைக்கு முன் எயார் ஃபில்டர் சுத்தமா, இன்ஜெக்டர் சரியா என்று நாம் பார்க்க வேண்டும். அதேபோல் கருவியைப் பற்றியும் மரியாதையாகக் கேட்கலாம். கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தீர்கள்? தொடங்குமுன் கருவி பூச்சியத்தில் நிற்கிறதா? அச்சிட்ட தாளில் திகதியும் நேரமும் வாகன இலக்கமும் சரியா? முடிவு சந்தேகமானால் மறுபடி அளக்க முடியுமா?

லீசிங் நிறுவனமோ வாகனச் சொந்தக்காரரோ ஜிபிஎஸ் பெட்டி பூட்டினால், அதன் பதிப்பு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். வேகமாக ஓடினாய், போகாத இடத்துக்குப் போனாய் என்று ஒரு நாள் சாரதியிடம் கேட்கப்படும்போது, பெட்டி சரியாக இருந்ததா என்று திருப்பிக் கேட்க அந்த எண் வேண்டும்.

எங்கள் பெட்டியை அந்த மே மாதத்தில் புதுப்பித்தோம். சாரதி இப்போது ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் திரையின் திகதியைக் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அரை நிமிட வேலை. 1999 செப்டம்பர் 9 என்று அச்சான தாளும் அதன் விளக்கமும் இன்னும் லொறியின் கோப்பில் இருக்கின்றன.