எந்தக் கச்சேரி சிறந்தது?

கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி கேட்டுத் திரும்பும் இரசிகர் இருவர், “போன வருடத்துத் தோடிக்கு இது ஈடாகாது” என்று வழிநெடுக வாதிட்டுச் செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். அமெரிக்க நாட்டுப் புளூஸ் இசையில் ஈடுபாடுடையோரிடையேயும் இத்தகைய வழக்கொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீர்ப்பின்றி நடந்து வருகின்றது. கிற்றார் வாசிப்பாளரும் பாடகருமாகிய பி. பி. கிங் நிகழ்த்திய மேடைக் கச்சேரிகளுள் தலைசிறந்தது எது என்பதே அவ்வழக்கு.

கிங் 1925இல் மிஸிஸிப்பி மாநிலத்துப் பருத்தி வயல்களுக்கிடையே பிறந்தவர்; 2015இல் மறைந்தார். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களிடையே உருவான புளூஸ், அமைப்பில் மிக எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவைகள். முதலடி ஒருமுறை மீண்டு வரும், மூன்றாமடி அதற்கு விடை கூறும். இச்சிறிய கட்டுக்குள்ளேதான் வித்தை முழுவதும் நிகழவேண்டும். கிங் பாடும்போது வாசிப்பதில்லை. குரல் ஓரடி சொல்லி ஓயக் கிற்றார் மறுமொழி கூறும். அவருடைய உறவினரான புக்கா வைற் தந்திமீது குழாயை வழுக்கி வாசிப்பவர். அது தமக்குக் கைவராமையால் கிங் விரலை நடுக்கியே அந்த ஒலியை எழுப்ப முயன்றார். அந்நடுக்கமே பின்னர் அவருக்கு அடையாளமாயிற்று. வீணைத் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அது அந்நியமாய்த் தோன்றாது.

இனி வழக்குக்கு வருவோம். பெரும்பான்மையோரின் தெரிவு, 1964 நவம்பர் 21ஆந் திகதி சிக்காகோவின் றீகல் அரங்கிற் பதிவாகி மறு ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டு. எரிக் கிளப்ரன் போன்ற கிற்றார்க் கலைஞர் தாம் மேடையேறுமுன் பாடங்கேட்பதுபோல் அதனைக் கேட்டனர் என்பர். 2005இல் அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அதன் உயிர் சபையில் இருக்கின்றது. கிங் ஓரடியை முடிக்குமுன்பே பெண்கள் கூவுகின்றனர். தம் வீட்டுச் செய்தியை மேடையில் ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டாற் போன்ற கூவல் அது. அந்த அரங்கு 1973இல் இடிக்கப்பட்டுவிட்டது. தட்டுத்தான் எஞ்சியிருக்கின்றது.

“அங்கே கூட்டம் வாசிப்பை மூடிவிடுகின்றது” என்று மறுப்போர், 1966இல் அதே நகரின் சிறிய விடுதியொன்றிற் பதிவான வேறொரு தட்டைக் காட்டுவர். அதில் வாத்தியங்கள் சிலவே. கிற்றார் காதருகே நிற்கின்றது. 1971இல் டோக்கியோவின் சங்கேய் மண்டபத்திற் பதிவானதே நீண்ட வாசிப்புக்கு உரியது என வேறு சிலர் சொல்வர். அமெரிக்காவில் அது 1999இலேயே வெளியாயிற்று. ஆதலால் வழக்கில் பிந்திச் சேர்ந்த சாட்சி எனலாம்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். 1970 செப்ரெம்பர் 10ஆந் திகதி சிக்காகோவின் குக் கவுண்டி மறியற்சாலையில் நிகழ்ந்த கச்சேரியே என் தெரிவு. கேட்டிருந்தோர் கைதிகள், அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். பிணைப்பணம் கட்ட வகையின்றி, விசாரணை முடியுமுன்பே மாதக்கணக்காய் அடைபட்டிருந்தோர் பலர். தொடக்கத்தில் ஷெரிப்பையும் தலைமை நீதிபதியையும் அறிமுகஞ் செய்கின்றனர். உடனே கூட்டம் ஊளையிடுகின்றது. பதிப்பித்தோர் அதனை வெட்டிவிடாது வைத்தது நன்று. அவ்வூளை அடங்கிய இடத்திலிருந்துதான் கிங் தொடங்க வேண்டியிருந்தது. றீகலுக்கு வந்தோர் சீட்டு வாங்கி வந்தோர். அவர்கள் முன்னமே அவருடையவர்கள். இங்கோ சபையை வெல்ல வேண்டும். “மூன்று மணி புளூஸ்” என்பது ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பெயர் தேடித்தந்த பாட்டு. விடியற்காலை மூன்று மணிக்கும் கண் மூடாதவனின் கதை. மண்டபத்தில் அது காதற்பாட்டு. பூட்டிய அறைகளில் இரவைக் கழிப்போர் முன்னிலையில் அதே பாட்டு வேறு பொருள் கொள்கின்றது. ஒரு சொல்லும் மாறவில்லை. அதன்பின் கிங் பல்லாண்டுகள் சிறைகளிற் கூலியின்றி வாசித்து வந்தார்.

திரைப்படப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்வோர் 1985ஆம் ஆண்டைச் சொல்வர். கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக இலினோய் மாநிலத்தில் நடந்த பெருங் கச்சேரியில், பாட்டின் நடுவே கிற்றார்த் தந்தியொன்று அறுந்தது. கிங் பாடுவதை நிறுத்தவில்லை. பாடியபடியே புதுத் தந்தி பூட்டிச் சுருதி கூட்டி, மறுமொழி சொல்லவேண்டிய இடத்திலே கிற்றாரைக் கொண்டுவந்து சேர்த்தார். இளைஞர் இதனை விந்தையென்பர். வாரத்தில் ஆறு நாள் மேடையேறியவருக்கு அது பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கிங் அவர்களோ றீகல் தட்டின் புகழை அடக்கத்துடனேயே ஏற்றார். அதனினும் நன்றாய் வாசித்த நாள்கள் பல உண்டு என்பது அவர் கருத்து. 1956ஆம் ஆண்டில் மட்டும் அவர் 342 கச்சேரிகள் செய்தார். இரசிகர் வாதிடும் தட்டுகளில் அவ்வாண்டின் இரவு ஒன்றேனும் இல்லை.