கப்பல் அதிகாரித் தேர்வு: கதவு எங்கே இருக்கிறது?

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலைக் கல்வெட்டும் நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வராது. ஆனால், 1974-இல் மாவட்டம் உருவானபோது அறந்தாங்கிப் பகுதியும் அதனுடன் இணைந்ததால், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் பாக் நீரிணைக் கரை இம்மாவட்டத்துக்கு உரியதாயிற்று. இக்கரையோரப் பள்ளிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் என்பதால், பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், பையன் கப்பல் படிப்புக்குப் போகணும்கிறான். எவ்வளவு பணம் கட்டணும்?"

பணத்தைக் கேட்பதற்கு முன் விதியைக் கேட்க வேண்டும் என்பதே என் பதில். ஏனெனில், இத்துறையில் ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் விதியை அறியாமல் பணத்தைக் கட்டியவர்களே.

கப்பல் அதிகாரிகளுக்குத் தேர்வு என்பது பழைய ஏற்பாடு. கப்பல்கள் அடிக்கடி மூழ்குவதன் காரணத்தை ஆராய பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1836-இல் அமைத்த குழு, கப்பல் தலைவர்களின் தகுதிக் குறைவையும் ஒரு காரணமாகச் சுட்டியது. அதன் பின்னர், 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாடு செல்லும் கப்பல்களின் அதிகாரிகளுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கியது. உலகம் முழுமைக்குமான பொது அளவுகோல் வருவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1978-இல் உருவான எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல் பணி ஆகியவற்றுக்கு அடிப்படை வகுத்தது. அது 1995-லும் 2010-லும் பெருமளவில் திருத்தப்பட்டது.

இந்தியாவில் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதிகளை வகுக்கிறது. அதன் கீழ் மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் உள்ள வணிகக் கடல்சார் துறை அலுவலகங்கள் தேர்வுகளை நடத்துகின்றன. கப்பலைச் செலுத்தும் பிரிவில் இரண்டாம் மேட், முதல் மேட், மாஸ்டர் என்று படிநிலைகள் உள்ளன. பொறியியல் பிரிவில் நான்காம் வகுப்புச் சான்றிதழில் தொடங்கி முதல் வகுப்பு வரை ஏற வேண்டும்.

எழுத்துத் தேர்வில் வென்றால் போதாது. வாய்மொழித் தேர்வும் உண்டு. அனுபவமிக்க அதிகாரி ஒருவர் எதிரே அமர்ந்து கேட்பார்: "இரவு நேரம். உன் கப்பலுக்கு வலப்புற முன்பக்கத்தில் வெள்ளை விளக்கும் அதனடியில் சிவப்பு விளக்கும் தெரிகின்றன. என்ன செய்வாய்?" சிவப்பு, கப்பலின் இடப்பக்க விளக்கு. ஆகவே, எதிர்க்கப்பல் வலமிருந்து இடமாகக் குறுக்கிடுகிறது; வழிவிட வேண்டியவன் நீயே. இதை எண்ணிப் பார்த்துச் சொல்லக் கடலில் அவகாசம் கிடையாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இப்பிரிவில் இடமில்லாததற்கும் இதுவே காரணம்.

இத்தனை இருந்தும், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான தடை தேர்வு அறையில் இல்லை. அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. தேர்வு எழுதுவதற்கே கடற்பணிக் காலம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் வழி வருபவருக்குக் குறைந்தது 12 மாதங்கள். அவ்வாறு வராதவருக்கு 36 மாதங்கள் என்பது உடன்படிக்கையின் அளவு. அதில் ஆறு மாதமேனும் மேலதிகாரியின் பார்வையில் காவல் பணி செய்திருக்க வேண்டும். ஆகவே, வகுப்பை முடித்தும் கப்பலில் இடம் கிடைக்காத மாணவன் தேர்வுக் கதவைத் தொடவே முடியாது. தந்தையின் விசைப்படகில் பத்தாண்டு கடலோடிய இளைஞனின் அனுபவமும் இக்கணக்கில் சேராது.

போலி முகவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். "கப்பலில் ஏற்றிவிடுகிறோம்" என்று இலட்சக்கணக்கில் பெறுகிறார்கள். கடற்பணிக் காலத்தையே போலியாக எழுதித் தருவோரும் உண்டு. என்னிடம் படித்த ஒருவனின் குடும்பம், படகை விற்ற பணத்தை இப்படிப்பட்ட ஒருவரிடம் இழந்தது. வேலைக்கு அனுப்பக் கடலோடியிடம் கட்டணம் பெறக்கூடாது என்பது, இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. அரசு உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவற்றின் பட்டியலும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ளன. பணம் கட்டுமுன் அவற்றைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும்.

மீனவர் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1963-இல் கொச்சியில் தொடங்கப்பட்டு, சென்னை இராயபுரத்திலும் இயங்கும் மத்திய அரசின் 'சிஃப்நெட்' நிறுவனம், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மீன்பிடிக் கலம் செலுத்துதல், இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. அதன் பின் மீன்பிடிக் கலங்களில் பணியாற்றிய காலம் அக்கலங்களுக்கான அதிகாரித் தேர்வுக்குக் கணக்கில் வரும். நம் கரையில் இதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால் தேர்வை எளிமையாக்க வேண்டுமா? தமிழில் நடத்த வேண்டுமா? இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பல நாட்டவர் பணிபுரியும் கப்பலில் ஆணையும் எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே பரிமாறப்படுகின்றன. தகுதியற்ற ஒருவரின் சான்றிதழுக்கு விலை கொடுப்பவர்கள் அவருடன் பயணிப்பவர்கள். சில வேளைகளில், அக்கப்பலின் பாதையில் வலை விரித்திருக்கும் நம் மீனவர்கள்.

தளர்த்த வேண்டியது தேர்வை அல்ல. செப்பனிட வேண்டியது தேர்வுக்குச் செல்லும் வழியை. இத்துறைக்கான நுழைவுத் தேர்வை நடத்துவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் தொடங்கப்பட்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருப்பது அதற்கு அடிப்படை. எனவே, கரையோர மேல்நிலைப் பள்ளிகளில் இப்பாடப் பிரிவும் நல்ல ஆங்கிலப் பயிற்சியும் இருந்தாக வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே நிறப்பார்வைச் சோதனை செய்தால், பின்னர் ஏற்படும் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு மாணவனுக்கும் கப்பலில் பயிற்சியிடம் பெற்றுத் தரும் பொறுப்பைப் பயிற்சி நிறுவனங்கள் ஏற்கச் செய்ய வேண்டும்.

1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. அதன்கீழ் விதிகள் எழுதப்படும் வேளையில் இப்பொறுப்பையும் தெளிவாக எழுதிவிட்டால், கடலைப் பிறப்பிலிருந்தே அறிந்த பிள்ளைகள் கப்பலின் மேல்தளத்துக்கும் நேர்வழியில் ஏறுவார்கள்.