சிங்கப்பூர்ப் பலகைகளில் ஆங்கிலமும் தமிழும்

ஒரு நகரின் மொழிக் கொள்கையை அறிய விழைவோர், அதன் சட்டநூலைப் புரட்டுவதற்கு முன் அதன் தெருக்களில் நடந்து பார்த்தல் நலம். பொதுவிடத்துப் பலகைகள் இருவகைப் பணிகளை ஆற்றுகின்றன. ஒன்று, செய்தியை உணர்த்துதல். மற்றொன்று, இம்மொழியினர்க்கு இங்கு இடமுண்டு என்பதை உணர்த்துதல். கனடா நாட்டு அறிஞர்களான லாண்ட்ரி, பூரிஸ் ஆகிய இருவரும் 1997-இல் இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளனர். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்குச் சிங்கப்பூர் தக்க சான்றாகும்.

நான்கு மொழிகளும் மூன்று எழுத்துகளும்

1965-இல் தனிநாடான சிங்கப்பூரில் மலாய், மாண்டரின் சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். மலாய் தேசிய மொழியும் ஆகும். எனினும் ஆட்சி, நீதி, கல்வி, வணிகம் ஆகியவற்றில் ஆங்கிலமே முதன்மை பெற்றுள்ளது. எந்த ஓர் இனத்தின் தாய்மொழியாகவும் கருதப்படாத காரணத்தால், அது பொதுப்பாலமாக ஏற்கப்பட்டது. பெரும்பாலான தெருப்பெயர்ப் பலகைகள் ஆங்கில எழுத்தில் மட்டுமே அமைந்திருப்பதன் காரணமும் இதுவே.

1987-இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலின் நிலையப் பலகைகளிலோ ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய எழுத்துகளைக் காணலாம். மலாய் விடுபட்டதோ எனின், இல்லை. அம்மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் ஒரே வரி இருமொழிக்கும் பயன்படுகின்றது.

பெயரில் உறையும் மானம்

தமிழ் முஸ்லிம்களுக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு இருநூறு ஆண்டுப் பழமையுடையது. 1826-இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவும் அதற்குச் சான்று பகர்கின்றன. இன்றைய சூலியா தெரு முன்னர்க் ‘கிளிங்’ தெரு எனப்பட்டது. அச்சொல் இழிவுப் பொருள் தருவதாக இந்தியர்கள் முறையிட்டதன் பயனாக, 1920-களின் தொடக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது. ஆங்கில எழுத்தில் அமைந்த பலகையாயினும் அதிலுள்ள பெயர் ஒரு சமுதாயத்தின் மானத்தைச் சுமக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

அணியா, பணியா?

தமிழ் இடம்பெற்றால் மட்டும் போதுமா? ‘லாவ் பா சாட்’ என்பது அந்நகரின் பழைய சந்தை. சந்தையைக் குறிக்கும் ‘பா சாட்’, மலாயின் ‘பசார்’ என்பதன் திரிபு. நாம் வழங்கும் பாரசீகச் சொல்லான ‘பஜார்’ இதன் மூலம். 2014-இல் அங்கு வைக்கப்பட்ட வழிகாட்டிப் பலகை ஒன்றில், ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொண்டு ‘சனி’ என்றே எழுதிவிட்டனர்! பொதுமக்கள் சுட்டிக்காட்டிய பின்னரே பிழை வெளிப்பட்டது. படிப்பவரை எண்ணாது எழுதப்படும் தமிழ் வெறும் அணியாகவே நின்றுவிடும்.

மாறாக, கட்டடப் பணியிடங்களில் ‘அபாயம்’ என நான்கு மொழிகளிலும் எழுதியிருப்பது அணியன்று, உயிர்க்காவல். தமிழகத்திலிருந்து சென்று உழைக்கும் தொழிலாளிக்கு அந்த ஒரு சொல் எத்தகைய துணை!

பலகையைக் காப்பவர் யார்?

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. தமிழோ 2.5 விழுக்காடுதான். சட்டம் பலகையில் தமிழைப் பொறிக்கலாம். அதனைப் படிக்கும் கண்களை வீடுதான் வளர்த்தல் வேண்டும்.

ஆங்கிலம் பகையன்று, பலர் கூடும் நகரில் அது பயன்மிக்க பாலம். ஆயினும் உயிர், உரிமை, மருத்துவம் பற்றிய அறிவிப்புகள் அவரவர் மொழியிலும் இருத்தல் நீதி. காயல், நாகூர், கடையநல்லூர் எனப் பல ஊர்களிலிருந்து கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பயில்கின்றனர். தமிழ் பயிலும் மாணவர்கள் பிழையற்ற மொழிபெயர்ப்புத் திறனையும் கைக்கொள்வார்களாயின், எந்த நகரின் பலகையிலும் தமிழ் பொருளோடு நிற்கும்.