தண்ணீர் எங்கே போகிறது?

பொன்னமராவதியில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்கவும், புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவும் சாலைதான் வழி. இப்படிப்பட்ட ஊரில், வாசலில் நிற்கும் பழைய மாருதி 800 ராத்திரி அவசரத்துக்கும் நம்பி எடுக்கிற வண்டி. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடரும் நின்றது. ஆக, இருப்பதில் இளைய வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது.

பழைய கார் என்றால் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். 'கொஞ்சம் தண்ணி குடிக்கும், ஊத்திக்கிட்டா போதும்' என்று சிரித்தபடியே சொல்வார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். கூலன்ட் ஓடுவது மூடிய பாதையில். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 0.9 பார் மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்கூடக் கொதிக்க ஏறக்குறைய 118 டிகிரி ஆகும். மூடியின் ரப்பர் தேய்ந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ, வாட்டர் பம்ப் சீல் கசிந்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும், இன்ஜின் சூடாகும்.

அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் அடிபடுகிறது. இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தகடு அது. எரியும் வாயு, ஆயில், கூலன்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிய சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் கேஸ்கெட்டின் பிடி விட்டுப்போகும். வயதாகிவிட்டதால் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். பல நேரங்களில் அதைக் கொன்றது, மாற்றாமல் விட்ட ஒரு சின்ன ஹோஸ்.

வெளியே சொட்டு இல்லாமலேயே தண்ணீர் குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் பால் காபி நிறம், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டருக்குள் ஓயாத குமிழி: இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பது நல்லது. புது கேஸ்கெட் மட்டும் போட்டால் போதாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் லேத்தில் ஃபேஸிங் செய்ய வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், கழற்றிய வேலையையே மறுபடி செய்ய நேரும்.

இன்னொன்று, போர்வெல் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் படிகிறது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலப்பதே சரி. வழியில் வேறு கதி இல்லாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், வீடு வந்ததும் அதை வடித்து மாற்றிவிடலாம்.

ஓடும்போது முள் சிவப்புக்கு ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்க வேண்டும். சூடு அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. பீய்ச்சியடிக்கும் கொதிநீர் முகத்தை வெந்துபோகச் செய்யும். வடித்த கூலன்ட்டை வாசலில் திறந்து வைக்கவும் வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயும் நக்கும், குழந்தையும் கைவிடும்.