திருநின்றவூரில் ஒரு வாடகை வீடு

திருநின்றவூரில் வீடு தேடி வருகிறவர்களிடம் புரோக்கர்கள் முதலில் சொல்வது, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதைத்தான். அதில் தப்பில்லை. பாரிமுனையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு மூர் மார்க்கெட் வரை போகும் யூனிட் ரயில்தான் பிழைப்பு. சென்னை இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கமிருந்து வரும் வண்டி காலையில் நிரம்பியே வரும். உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்தத் தடத்தில்தான். கையில் சீசன் டிக்கெட் இருக்கிற தைரியத்தில் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு தள்ளிக் குடிவருகிறோம்.

ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்கிற யாரும் ஏரி எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

இது பழைய ஊர். மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அதே நாளில் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும் என்று இறைவன் கனவில் வந்து சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இருதயாலீசுவரர் சந்நிதிக்கு இன்றும் இதய நோயாளிகள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே தாயாரின் பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’. அம்மாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

ஏரிப் பாசன ஊர்களில் குடியிருப்பு மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும். கரை, மதகு, கலங்கல் மூன்றும் சரியாக இருந்தால் மிகுதித் தண்ணீர் தன் வழியில் போய்விடும். வயல்கள் மனைகளாக விற்கப்பட்டபோது கால்வாய்கள் குறுகின. ஏரியின் நீர் பரவும் ஓரங்களிலும் வீடுகள் எழுந்தன. மழை குறைந்த ஆண்டுகளில் அந்த ஓரம் காய்ந்த தரைதான். ஏரி முழுக்க நிரம்பும் ஆண்டில் தண்ணீர் தன் பழைய எல்லை வரைக்கும் வந்து நிற்கிறது. 2021 மழையில் ஈசா ஏரியை ஒட்டிய தெருக்களில் அதைத்தான் பார்த்தோம். அதே ஆண்டில்தான் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. தண்ணீர் புகுந்தபோது சொந்த வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏறினார்கள். கீழ் போர்ஷன் வாடகைக்காரர்களுக்கு மாடி இல்லை. மெத்தை, அரிசி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் நனைந்தன. அதற்கு யாரும் வாடகையைக் குறைக்கவில்லை.

அதனால்தான் அக்ரிமென்டைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே வழக்கம், பதினொரு மாதத்துக்கு ஒரு பத்திரம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. ஆறு மாத அட்வான்ஸ் கேட்ட எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் இதைப் பணிவாகவே சொன்னேன். “ஏம்மா, இவ்வளவு படிச்சிட்டு வந்து கேட்கிறே!” என்றார்கள். மூன்று மாதத்துக்குச் சம்மதித்தார்கள். கரண்டுக்கு சப்மீட்டர் உண்டா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று. கோயிலை ஒட்டிய தெருக்களில் வீடு கேட்டுப் போனால், சிலர் வாடகையைச் சொல்லும் முன்பே என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது சாப்பாடு மட்டுமல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அங்கே எத்தனை வசதி இருந்தாலும், அது மனிதரை அவமதிப்பது. அந்த வீடுகள் எங்களுக்கு வேண்டாம் என்று அம்மாவே வெளியே வந்துவிட்டார்.

பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், மே மாதத்தில் வீடு பார்க்க வருகிறார்கள். அப்போது ஏரியில் தண்ணீர் அடியில் கிடக்கும். எல்லாத் தெருவும் மேடாகவே தெரியும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். முடியாதவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் 2021-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். உள்ளே போனதும் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். புதுப் பெயின்டை மீறிக்கொண்டு உப்புப் பூத்திருக்கும். மோட்டார் சுவிட்சும் மீட்டர் பெட்டியும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒருமுறை மூழ்கிய வீட்டில் அவற்றைக் கழற்றி ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருப்பார்கள்.