மருந்து சுமக்கும் மூலக்கூற்று மரங்கள்

புற்றுநோயாளிக்கு நரம்பின் வழியே ஏற்றப்படும் மருந்து எங்கே போகிறது? கட்டியைச் சென்றடைந்ததா, கல்லீரலிலேயே தங்கிவிட்டதா? கட்டி சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் விடை காண வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் நோயாளி இழப்பது பொன்னான காலம். மருந்தைச் சுமக்கும் மூலக்கூறே தன் இருப்பிடத்தையும் காட்டினால் எப்படியிருக்கும்? இதற்காக வேதியியலாளர்கள் நாடிய தனிமம் புளோரின்.

எம்.ஆர்.ஐ. கருவி வழக்கமாக உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞையைக் கொண்டு படம் வரைகிறது. நீர் எங்கும் இருப்பதால் படமெங்கும் வெளிச்சம். புளோரினோ எலும்பிலும் பல்லிலும் இறுகிக் கிடக்கிறது. அது படத்தில் தெரியாது. ஆகவே, நாம் செலுத்தும் புளோரின் மட்டும் இருட்டறையில் ஏற்றிய அகல்விளக்காகத் தெரியும். அதன் சமிக்ஞைத் திறன் ஹைட்ரஜனுடையதில் ஏறத்தாழ 83 விழுக்காடு.

சிக்கல் அளவில்தான் உள்ளது. நீரின் ஹைட்ரஜனுக்கு ஈடாகப் புளோரினைச் செலுத்த இயலாது. எனவே, ஒரே மூலக்கூறில் பல புளோரின் அணுக்களைச் சேர்க்க வேண்டும். அவற்றை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் ஒவ்வோர் அணுவின் சூழலும் வேறுபடும். சமிக்ஞை பல அதிர்வெண்களாகச் சிதறிவிடும். ஆளுக்கொரு சுருதியில் பாடும் குழுவைப் போலத்தான்!

இங்கேதான் கிளைவிடும் மூலக்கூறுகள் கைகொடுக்கின்றன. கிரேக்க மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இவற்றுக்கு 'டென்ட்ரிமர்' என்று பெயர் வந்தது. நடுவிலிருந்து சமச்சீராகக் கிளை பிரிவதால் நுனியிலுள்ள அணுக்கள் அனைத்தும் ஒரே சூழலைப் பெறுகின்றன. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 27 புளோரின் அணுக்களும் ஒரே சுருதியில் ஒலிக்கும் மூலக்கூறைப் படைத்தனர். 2014இல் மிலான் ஆய்வாளர்கள் நான்கு கிளைகளின் நுனியிலும் ஒன்பது வீதம் 36 அணுக்களைப் பொருத்தினர்.

ஆயினும், புளோரின் கூடக்கூட மூலக்கூறு நீரில் கரைய மறுக்கும். உடலைவிட்டு வெளியேறவும் தாமதிக்கலாம். மிலான் மூலக்கூறைப் பால்மமாக்கியே செலுத்த வேண்டியிருந்தது. அமெரிக்க மூலக்கூறில் நீரை விரும்பும் பகுதியும் இணைக்கப்பட்டதால், அது கரைந்தது. விரைவாக வெளியேறவும் செய்தது.

பெரிய டென்ட்ரிமர்களின் கிளையிடுக்குகளில் மருந்தை அடைக்கலாம். நுனிகளில் பிணைக்கவும் செய்யலாம். ஒளிர்வது, கரைவது, சுமப்பது, பணி முடிந்ததும் வெளியேறுவது ஆகிய நான்கையும் ஒருங்கே செய்யும் மரம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் வளர்ந்து வருகிறது. வேதியியல் பயிலும் நம் தம்பி தங்கையரே, அதற்கு நீரூற்ற நீங்களும் வரலாமே!